பாய்மரப் படகு விடுமுறைக்கு ஏற்ற சார்ட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாய்மரப் படகில் ஒரு வாரத்தைக் கழிக்க விரும்பும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் படகுகளின் படங்களைப் பார்க்கிறார்கள். அடுத்து வாடகையைப் பார்க்கிறார்கள். படகை யார் செலுத்தப் போகிறார்கள் என்ற கேள்வி கடைசியில்தான் எழுகிறது. அந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும். சார்ட்டர், அதாவது படகு வாடகை, வகைகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது, படகுக்கும் அதில் இருக்கும் உயிர்களுக்கும் யார் பொறுப்பு என்ற ஒரே இடத்தில்தான். வசதியும் விலையும் அதைத் தொடர்ந்து வருபவை. நள்ளிரவில் காற்றுத் திசை மாறி, நங்கூரத்தின் பிடி தளர்ந்து, படகு பாறைக் கரையை நோக்கி நகரத் தொடங்கினால் எழுந்து முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பதை உங்கள் குழுவினர் தயக்கமின்றிச் சொல்ல முடிந்தால், உங்களுக்குரிய சார்ட்டர் ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

ஒரு படகைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு எடுப்பதே சார்ட்டர். மத்தியதரைக் கடலில் வழக்கமான காலம் ஒரு வாரம்: சனிக்கிழமை மாலை படகு கைக்கு வரும், வெள்ளி மாலைக்குள் நிறுவனத்தின் தளத்துக்குத் திரும்ப வேண்டும், சனி காலை இறங்கிவிட வேண்டும். ஆகவே ஏழு இரவுகளுக்குப் பணம் கட்டினாலும் பயணத்துக்குக் கிடைப்பவை ஞாயிறு முதல் வெள்ளி வரையிலான ஆறு நாள்களே. அவற்றிலும் கடைசி நாள் திரும்பி வருவதற்கே போய்விடும். இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொண்டால், வரைபடத்தைப் பார்த்ததும் தோன்றும் பேராசைகள் பல தாமே அடங்கும்.

முதற்படி: திறமையை நேர்மையாக அளந்துகொள்ளுங்கள்

குழுவில் படகு செலுத்தத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்றால், அவரிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் கடைசியாகப் படகைத் தம் பொறுப்பில் செலுத்தியது எப்போது, அது எந்த அளவுப் படகு, எந்தக் கடல் என்று கேளுங்கள். பக்கவாட்டில் காற்று வீசும்போது 40 அடிப் படகைப் பின்னோக்கிச் செலுத்தி, ஏற்கெனவே நிற்கும் இரு படகுகளுக்கு நடுவே துறைச்சுவரில் கட்ட அவரால் முடியுமா? காற்று வலுக்குமுன் பாயைச் சுருக்க வேண்டும் என்ற முடிவை உரிய நேரத்தில் எடுப்பாரா? கடலடியின் தன்மையைப் பார்த்து நங்கூரமிட்டு, அது பிடித்திருக்கிறதா என்று எஞ்சினைப் பின்னோக்கி இயக்கிச் சோதித்துப் பழகியிருக்கிறாரா? இந்த மூன்றுக்கும் உறுதியான 'ஆம்' வந்தால்தான் தனியாகப் படகு எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். ஏரியில் சிறு படகு ஓட்டிய அனுபவம் பாய்களைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும். ஆனால் பல டன் எடையுள்ள படகை நெரிசலான துறைக்குள் நிறுத்துவதை அது கற்றுத்தருவதில்லை.

சான்றிதழ் விஷயத்தில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பரவலாக ஏற்கப்படுவது ஐ.சி.சி. எனப்படும் பன்னாட்டுத் தகுதிச் சான்றிதழ், ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 40ஆம் தீர்மானத்தின் அடிப்படையில் இது வழங்கப்படுகிறது. பிரிட்டனின் ஆர்.ஒய்.ஏ. அமைப்பின் 'டே ஸ்கிப்பர்', அமெரிக்காவின் ஏ.எஸ்.ஏ. அமைப்பின் 104ஆம் நிலைப் பயிற்சி ஆகியவையும் சார்ட்டர் உலகில் அறியப்பட்டவை. குரோஷியாவில் படகுச் சான்றிதழோடு வி.எச்.எஃப். என்னும் கடல் தொடர்பு வானொலியை இயக்குவதற்கான சான்றும் கேட்கப்படும். கிரேக்கத்தில் ஸ்கிப்பரின், அதாவது படகுத் தலைவரின், சான்றிதழ் மட்டும் போதாது. படகில் அனுபவமுள்ள இரண்டாம் நபர் ஒருவர் இருக்கிறார் என்றும் எழுத்தில் உறுதி தரவேண்டும். கரீபியனின் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் சான்றிதழைவிட உங்கள் கடல் அனுபவக் குறிப்பையே நிறுவனங்கள் பார்க்கின்றன. ஆஸ்திரேலியாவின் விட்சண்டே தீவுகளில் உரிமம் இல்லாதவர்களும், நிறுவனம் தரும் விரிவான விளக்கத்தையும் செயல்முறைச் சோதனையையும் முடித்தபின் படகெடுக்கலாம். அங்கே நிறுவனத்துடன் நாள்தோறும் வானொலியில் தொடர்புகொள்ளும் ஒழுங்கு உண்டு. சட்டம் அனுமதிப்பது வேறு, உங்களால் பாதுகாப்பாகச் செய்ய முடிவது வேறு. அனுமதி கிடைக்கிறது என்பதற்காகவே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்புவது தவறு என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இரண்டாம் படி: வகைகளை அவற்றின் பொறுப்போடு சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள்

பேர்போட் என்பது வெறும் படகு. நிறுவனம் படகைத் தருகிறது. அதன்பின் கப்பலோட்டி நீங்கள், சமையற்காரர் நீங்கள், காலையில் எஞ்சின் எண்ணெயைச் சரிபார்ப்பவரும் நீங்கள். எங்கே போவது, எந்த வளைகுடாவில் எத்தனை மணிக்கு நிற்பது என்பதையெல்லாம் எவரையும் கேட்காமல் முடிவுசெய்யும் சுதந்திரம் வேறு எந்த வகையிலும் இப்படிக் கிடைப்பதில்லை. அந்தச் சுதந்திரத்தின் விலை, நாள் முழுவதும் விலகாத கவனம். வானிலை அறிக்கையை இருவேளை பார்க்க வேண்டும். நன்னீர்த் தொட்டியும் மின்கலமும் எவ்வளவு மீதமிருக்கின்றன என்று அறிந்திருக்க வேண்டும். மாலை எந்த இடத்தில் தங்குவது என்பதோடு, அங்கே இடமில்லாவிட்டால் போகவேண்டிய மாற்றிடத்தையும் காலையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றைச் செய்வதே இன்பம் என்று கருதுபவர்களுக்கு இதைவிட நல்ல விடுமுறை கிடையாது. இவற்றைச் சுமையாகக் கருதுபவர்கள் மலிவாக இருக்கிறதே என்று பேர்போட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

பேர்போட்டுக்குக் குறைந்தது இரண்டு பேர் தேவை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒருவருக்கு மட்டுமே படகைச் செலுத்தத் தெரிந்து, அந்த ஒருவரே கால் தவறிக் கடலில் விழுந்துவிட்டால், எஞ்சியவர்கள் படகைத் திருப்பி அவரிடம் கொண்டுவர வேண்டும். பாயை எப்படி இறக்குவது, எஞ்சினை எப்படி இயக்குவது, வி.எச்.எஃப். 16ஆம் அலைவரிசையில் எப்படி உதவி கேட்பது என்று இரண்டாம் நபர் ஒருவருக்காவது தெரியாமல் துறையை விட்டு நீங்குவது பொறுப்பான செயலன்று. கிரேக்க விதி இரண்டாம் நபரைக் கேட்பதன் நியாயமும் இதுவே.

ஸ்கிப்பருடன் எடுக்கும் சார்ட்டரில் அதே படகு, அதே வாடகை. அதோடு ஒரு தொழில்முறை ஸ்கிப்பரின் நாட்கூலி சேரும். கடலில் புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். உள்ளூர்க் காற்றின் போக்கும், எந்தத் துறை எத்தனை மணிக்கு நிரம்பும் என்பதும் அவருக்குத் தெரியும். பாதுகாப்பு குறித்த இறுதி முடிவு அவருடையது. பாயை இழுப்பது, சுக்கான் பிடிப்பது, நங்கூரம் இறக்குவது போன்ற வேலைகளில் விரும்பிய அளவு நீங்கள் பங்குகொள்ளலாம். ஆனால் சில எதிர்பார்ப்புகளை முன்பே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஸ்கிப்பர் சமைக்கமாட்டார், பாத்திரம் கழுவமாட்டார். அவருக்கான உணவு உங்கள் பொறுப்பு. அவர் உறங்குவதற்குத் தனியிடம் வேண்டும். மூன்று கேபின் படகில் ஸ்கிப்பர் வந்தால் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டே கேபின்கள்தான் என்பதைப் பலர் முன்பதிவு முடிந்தபிறகே உணர்கிறார்கள். மேலும், ஒரு அறையளவு இடத்தில் அந்நியர் ஒருவருடன் ஒரு வாரம் வாழப்போகிறீர்கள்; கற்றுத்தரும் பொறுமை உள்ளவர் வேண்டுமா, ஓய்வுக்கு வழிவிட்டு ஒதுங்கியிருப்பவர் வேண்டுமா என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

சான்றிதழ் இருந்தும் கை துருப்பிடித்திருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. முதல் ஓரிரு நாள்களுக்கு மட்டும் ஸ்கிப்பரை அமர்த்திக்கொண்டு, துறையில் கட்டுவதையும் நங்கூரமிடுவதையும் அவர் பார்வையில் திரும்பத் திரும்பச் செய்து பழகி, பிறகு படகைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டுக்குச் செலவிடும் தொகை, சுவரில் மோதி இழக்கும் பிணைத்தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

ஃப்ளோட்டில்லா என்பது பல படகுகள் ஒரே வழியில் சேர்ந்து செல்லும் முறை. ஒவ்வொரு படகையும் அதன் குழுவே செலுத்தும். எல்லாவற்றுக்கும் முன்னே வழிகாட்டிப் படகு ஒன்று செல்லும். அதில் வழக்கமாக ஒரு தலைமை ஸ்கிப்பர், ஒரு எஞ்சினியர், குழுக்களை ஒருங்கிணைப்பவர் ஒருவர் என்று சிறு அணி இருக்கும். காலையில் விளக்கக் கூட்டம் நடக்கும்: இன்றைய காற்று எப்படி, தவிர்க்க வேண்டிய பாறைகள் எங்கே, மாலை எந்தத் துறையில் சந்திப்பது என்று சொல்வார்கள். பகலில் உங்கள் விருப்பப்படி செல்லலாம். மாலை துறைக்கு வரும்போது கயிற்றைப் பிடித்துக் கட்டுவதற்கு வழிகாட்டி அணியினர் கரையில் நிற்பார்கள். புதிதாகச் சான்றிதழ் பெற்றவருக்கு இதைவிடப் பொருத்தமான அடுத்த படி இல்லை என்பேன். ஏனெனில் தவறு நேரும் இடம் பெரும்பாலும் துறைதான், உதவி காத்திருப்பதும் அங்கேதான். ஆனால் சான்றிதழ் பெற்ற ஒருவர் படகில் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் இங்கும் பொருந்தும். ஃப்ளோட்டில்லா என்றால் பயிற்சி இல்லாமலே போகலாம் என்று பொருளில்லை. தனிமையை நாடிச் செல்பவர்களுக்கு ஒவ்வொரு மாலையும் அதே முகங்களைக் காண்பது அலுப்பாக இருக்கலாம். குழந்தைகளோடு வருபவர்களுக்கோ, அடுத்த படகில் விளையாட்டுத் துணை கிடைப்பதே இதன் பெரிய வரம்.

முழுப் பணியாளர்களுடன் கூடிய சார்ட்டரில் ஸ்கிப்பரும் சமையற்காரரும், பெரிய படகுகளில் அதற்கு மேற்பட்டவர்களும் இருப்பார்கள். பயணத்துக்கு முன் உணவு விருப்பம், ஒவ்வாமை, நாட்டங்கள் பற்றிய படிவம் ஒன்று வரும். அதைச் சோம்பலின்றி விரிவாக நிரப்புவதே நல்ல வாரத்துக்கான முதல் வேலை. விலையைப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கரீபியனில் பணியாளர்களுடன் வரும் கேட்டமரான்கள் (இரட்டை உடல் படகுகள்) பலவும் உணவு, பானம், எரிபொருள் எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரே தொகையைச் சொல்கின்றன. மத்தியதரைக் கடலிலோ அடிப்படை வாடகைக்கு மேல் ஏ.பி.ஏ. எனப்படும் செலவு முன்பணம் கேட்கப்படுவது வழக்கம். பெரும்பாலும் அது வாடகையில் 25 முதல் 35 விழுக்காடு வரை இருக்கும். எரிபொருள், உணவு, துறைக் கட்டணம் ஆகியவற்றை ஸ்கிப்பர் அதிலிருந்து செலவிட்டுக் கணக்குக் காட்டுவார். மீதி திரும்பி வரும், பற்றாக்குறை இருந்தால் நீங்கள் தரவேண்டும். இரு விலைகளையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம்.

தனியாகவோ இருவராகவோ செல்பவர்கள், முழுப் படகுக்குப் பதிலாக ஒரு கேபினை மட்டும் பதிவுசெய்யும் முறையும் உண்டு. வழித்தடம் நிலையானது, உடன் வருபவர்கள் யாரென்று முன்பே தெரியாது. துருக்கிக் கடற்கரையில் போட்ரும், மார்மாரிஸ், ஃபெதியே ஆகிய ஊர்களிலிருந்து கிளம்பும் குலெட் என்னும் மரப்படகுகளிலும் இப்படிக் கேபின் எடுக்கலாம். குலெட் அழகானது, இடவசதி மிக்கது. ஆனால் பெரும்பாலான நேரம் எஞ்சினில்தான் செல்லும். பாய்களின் விசையை உணர வேண்டும் என்ற ஆசையோடு போகிறவர் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இவை எதிலும் சேராத ஒன்றும் இருக்கிறது: விடுமுறையையே பயிற்சியாக்கிக்கொள்வது. ஆர்.ஒய்.ஏ.யின் 'காம்பிடென்ட் க்ரூ' போன்ற தொடக்கநிலைப் பயிற்சிகள் ஐந்து நாள்களில் படகிலேயே தங்கி முடிக்கக் கூடியவை. பிற்காலத்தில் சொந்தப் பொறுப்பில் படகெடுக்கும் எண்ணம் சிறிதேனும் உங்களுக்கு இருந்தால், முதல் வாரத்தை இதற்குச் செலவிடுங்கள்.

மூன்றாம் படி: உடன் வருபவர்களைக் கணக்கில் கொள்ளுங்கள்

படகு பற்றி முடிவெடுப்பவர் பெரும்பாலும் கடலை விரும்பும் ஒருவரே. ஆனால் வாரத்தை நல்லதாக்குவதும் கெடுப்பதும் மற்றவர்களின் நிலைதான். யாருக்குக் கடல் குமட்டல் வரும், யாருக்கு நீந்தத் தெரியாது, யாருக்கு முழங்கால் வலி என்று பேசிவிடுங்கள். படகிலிருந்து கரைக்குப் போக டிங்கி என்னும் சிறு துணைப்படகில் இறங்க வேண்டும், சில துறைகளில் குறுகலான பலகைமேல் நடக்க வேண்டும்; மூத்தவர்களுக்கு இவை சிறிய செயல்கள் அல்ல. குழந்தைகளுக்கு அவர்கள் எடைக்கேற்ற உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

விளம்பரத்தில் வரும் படுக்கை எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். 'எட்டுப் பேர்' என்று குறிக்கப்படும் மூன்று கேபின் படகில் இருவர், சாப்பாட்டு மேசையை மடக்கி விரிக்கும் படுக்கையில் உறங்க வேண்டியிருக்கும். எல்லோருக்கும் பின் உறங்கி எல்லோருக்கும் முன் எழுந்தாக வேண்டிய இடம் அது. மூன்று கேபினில் ஆறு பெரியவர்கள் என்பதே நான் ஒப்புக்கொள்ளும் மேல் எல்லை. படகில் நன்னீர் சில நூறு லிட்டர்தான் இருக்கும். பேர் கூடக்கூட, தொட்டியை நிரப்புவதற்காகவே துறைக்குத் திரும்ப வேண்டிய நாள்கள் கூடும்.

நான்காம் படி: கடலையும் பருவத்தையும் வகையோடு பொருத்துங்கள்

ஒரே சான்றிதழும் ஒரே படகும், ஒரு கடலில் சுகமான விடுமுறையையும் இன்னொன்றில் கடும் சோதனையையும் தரும். ஆகவே சார்ட்டர் வகையை முடிவுசெய்யும்போதே எங்கே, எந்த மாதம் என்பதையும் சேர்த்து முடிவுசெய்ய வேண்டும்.

கிரேக்கத்தை எடுத்துக்கொள்வோம். மேற்கே அயோனியன் கடலில், லெஃப்கடா, மெகனீசி, இத்தாக்கா, கெஃபலோனியா தீவுகள் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கின்றன. கோடையில் காலை அமைதியாகவும், பிற்பகலில் வடமேற்குக் காற்று மிதமாகவும் வீசி மாலையில் தணிவது வழக்கம். ஃப்ளோட்டில்லாக்கள் இங்கே திரள்வதன் காரணம் அதுவே. அதே நாட்டின் கிழக்கே சைக்ளேட்ஸ் தீவுகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்டெமி என்னும் வடகாற்று நாள்கணக்கில் வீசும். சில வேளைகளில் காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 7ஐத் தொடும், அதாவது 28 முதல் 33 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகம். தெற்கு நோக்கி எளிதாக ஓடிவிட்டு, திரும்பும் நாளில் அந்தக் காற்றை எதிர்த்து வரமுடியாமல் துறையில் அடைந்துகிடக்கும் குழுக்கள் ஆண்டுதோறும் உண்டு. புதியவர்கள் அங்கே உச்சக் கோடையில் ஸ்கிப்பர் இல்லாமல் போகக் கூடாது. ஏதென்ஸிலிருந்து கிளம்புவதானால், ஏகினா, போரோஸ், ஹைட்ரா தீவுகள் கொண்ட சரோனிக் வளைகுடா பெரும்பாலும் இதைவிடக் காப்பானது. ஆனால் துறைகளில் இடம் கிடைப்பது கடினம்.

பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் சிறப்பு வேறு. 1969இல் 'தி மூரிங்ஸ்' என்னும் சார்ட்டர் நிறுவனம் ஆறு படகுகளுடன் அங்கே தொழில் தொடங்கியது தற்செயலன்று. சர் ஃப்ரான்சிஸ் டிரேக் கால்வாயின் இருபுறமும் தீவுகள் அரண்போல் நிற்கின்றன. அடுத்த தீவு எப்போதும் கண்ணுக்குத் தெரியும். கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று நிலையானது. பல வளைகுடாக்களில் கட்டிக்கொள்ள மிதவைகள் உண்டு. பேர்போட்டில் முதன்முறை தனியே செல்பவருக்கு இதுபோன்ற நீர்ப்பரப்பே ஏற்றது. அங்கும் அனெகாடா என்னும் தாழ்வான பவளத்தீவு விலகி நிற்கிறது; அதைச் சூழ்ந்த பவளப்பாறைத் திட்டுகள் காரணமாக, அங்கே செல்ல நிறுவனம் அனுமதிக்கிறதா என்று தனியே கேட்க வேண்டும். அட்லாண்டிக்கின் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதால், டிசம்பர் முதல் ஏப்ரல் வரையே அங்கு முதன்மைப் பருவம். தாய்லாந்தின் புக்கெட்டில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம் அமைதியானது.

மத்தியதரைக் கடலில் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் அளவு, மிகச் சிறியது என்பதால் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பிரான்சின் பிரிட்டனி போன்ற கரைகளில் நிலைமை முற்றிலும் வேறு. செயின்ட் மாலோவில் பெரு ஓதக் காலத்தில் நீர்மட்டம் 12 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். ஓத அட்டவணையைப் படித்துப் பயணத்தைத் திட்டமிடப் பயின்றவர்களுக்கே அந்த நீர்ப்பரப்பு உரியது.

தூரத்தைப் பற்றி ஒரு சொல். 40 அடிப் பாய்மரப் படகு சராசரியாக மணிக்கு 5 அல்லது 6 கடல் மைல் செல்லும். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். நாளொன்றுக்கு 15 முதல் 20 கடல் மைல் என்று வைத்துக்கொண்டால், மூன்று நான்கு மணிநேரப் பயணமும், நீந்துவதற்கும் உண்பதற்கும் ஊரைப் பார்ப்பதற்கும் நேரமும் இருக்கும். அதற்கு மேல் திட்டமிட்டால் வாரம் முழுவதும் கடந்துகொண்டே இருப்பீர்கள்.

ஐந்தாம் படி: ஒற்றை உடலா, இரட்டை உடலா?

ஒற்றை உடல் படகு காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். கீழே கனத்த அடிக்கட்டை இருப்பதால் அந்தச் சாய்வு இயல்பானது. ஆனால் முதன்முறை அனுபவிப்பவருக்கு அச்சம் தரலாம், உள்ளே சமைப்பதும் கடினம். சுக்கானின் வழியே காற்றின் அழுத்தம் கைக்கு வருவதை உணர விரும்புபவர்கள் இதையே எடுக்க வேண்டும். வாடகையும் துறைக் கட்டணமும் குறைவு. கேட்டமரான் சாயாது; அதே நீளத்துக்கு அதிக இடம் தரும், கேபின்கள் விலகியிருப்பதால் தனிமையும் கிடைக்கும்; நீருக்குள் இறங்கும் ஆழம் குறைவு என்பதால் ஆழமற்ற வளைகுடாக்களில் கரைக்கு நெருங்கி நிற்கலாம். இரண்டு எஞ்சின்கள் விலகி அமைந்திருப்பதால் நெருக்கமான இடத்தில் திருப்புவதும் எளிது. ஆனால் அதன் அகலம் காரணமாக மத்தியதரைக் கடலின் சிறு துறைகளில் இடம் கிடைப்பது அரிது, கட்டணமும் கூடும். எதிர்காற்றில் அதன் ஓட்டம் மந்தம். சாய்வு இல்லாததால் காற்று அளவு மீறியதை உடல் உணர்வதில்லை. கருவியைப் பார்த்தே பாயைச் சுருக்க வேண்டும். சிறு குழந்தைகளோ மூத்தவர்களோ வரும் குழுவுக்கு, ஸ்கிப்பருடன் கேட்டமரான் எடுப்பதே பெரும்பாலும் சரியான விடை.

ஆறாம் படி: ஒப்பந்தத்தில் வாடகைக்கு வெளியே இருப்பதைப் படியுங்கள்

அறிவிக்கப்பட்ட வாடகை, நீங்கள் செலவிடப்போகும் தொகையின் ஒரு பகுதியே. இறுதித் துப்புரவு, படுக்கை விரிப்பு, டிங்கியின் வெளிப்புற எஞ்சின், எரிபொருள், துறைக் கட்டணம், நாட்டுக்கு நாடு மாறும் பயண வரிகள், ஸ்கிப்பரின் கூலி, அவர் உணவு, இறுதியில் தரும் அன்பளிப்பு என்று பட்டியல் நீளும். எவை கட்டாயம், எவை விருப்பம், எவற்றை அங்கே சென்றபின் ரொக்கமாகத் தரவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பிணைத்தொகையைப் பற்றி மேலும் கவனமாக இருக்க வேண்டும். படகுக்குச் சேதம் நேர்ந்தால் ஈடுசெய்வதற்காக, உங்கள் கடன் அட்டையில் கணிசமான தொகை பிடித்துவைக்கப்படும். அட்டையின் வரம்பு போதாமல் தளத்தில் தவித்து நிற்க நேரலாம். திரும்பப்பெற முடியாத ஒரு கட்டணத்தைச் செலுத்திப் பிணையைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பல நிறுவனங்கள் தருகின்றன. தனிக் காப்பீடாகவும் அதை வாங்கலாம். ஸ்கிப்பர் அமர்த்தியிருந்தாலும் பிணை உங்கள் பெயரில்தான் இருக்கும் என்றால், அவர் கவனக்குறைவால் நேரும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். பதில் அங்கே இல்லையெனில் கேட்டுப் பெறுங்கள். ரத்து விதிகள், எஞ்சின் பழுதால் இழக்கும் நாள்களுக்கு ஈடு, செல்லக் கூடாத பகுதிகள், இரவுப் பயணத் தடை ஆகியவை அடுத்துப் படிக்க வேண்டியவை. இருட்டிய பின் படகைச் செலுத்துவதைப் பல பேர்போட் ஒப்பந்தங்கள் தடைசெய்கின்றன.

படகின் வயதையும், கடைசியாகப் பாய்கள் மாற்றப்பட்டதையும் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பழைய படகு மலிவாகக் கிடைப்பதில் தவறில்லை. பராமரிப்பு எப்படி என்பதே முக்கியம். தளத்தில் பழுதுபார்ப்பவர் வாரம் முழுவதும் தொலைபேசியில் கிடைப்பாரா என்ற கேள்விக்கு ஒரு நிறுவனம் சொல்லும் பதிலிலிருந்தே அதன் தரத்தைப் பெருமளவு ஊகித்துவிடலாம்.

ஏழாம் படி: படகைப் பெற்றுக்கொள்ளும் மாலை

கடினமான பெட்டிகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மடித்து வைக்கக்கூடிய மென்பைகளுக்குத்தான் படகில் இடம் உண்டு. தளத்துக்கு வந்ததும் இருவர் மளிகை வாங்கச் செல்லட்டும். படகுக்குப் பொறுப்பான இருவர் மட்டும் நிறுவன ஊழியருடன் நின்று ஒப்படைப்பை முடிக்கட்டும். படகின் உடலில் ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படமெடுங்கள். நங்கூரத்தை ஏற்றியிறக்கும் மின்பொறியை இயக்கிப் பாருங்கள். சங்கிலி எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். பாய்களை ஒருமுறை முழுவதும் விரிக்கச் சொல்லுங்கள். டிங்கியின் எஞ்சினைக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். உயிர்காப்பு அங்கிகளை ஒவ்வொருவரும் அணிந்து பட்டையைத் தம் அளவுக்குச் சரிசெய்துகொள்ள வேண்டும். எரிவாயுவை அடைக்கும் குழாய், தீயணைப்பான், கடல்நீர் உள்ளே வரும் குழாய்களின் அடைப்பான்கள் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் காட்டுங்கள். கழிப்பறையை இயக்கும் முறையும் இப்போதே எல்லோரும் கற்க வேண்டியது. சார்ட்டர் படகுகளில் அடிக்கடி நேரும் பழுது அதன் அடைப்புதான். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.

ஒப்படைப்பு தாமதமாகி மாலை மங்கிவிட்டால், அன்றே புறப்படத் துடிக்க வேண்டாம். பழகாத படகை இருட்டில் பழகாத வளைகுடாவுக்குக் கொண்டுபோவதைவிட, அன்றிரவு துறையிலேயே தங்கி, எந்தக் கயிறு எதை இழுக்கிறது, எந்த விசை எந்த விளக்கை ஏற்றுகிறது என்று பார்த்துவிட்டு, ஞாயிறு காலை வானிலை அறிக்கையைப் படித்தபின் கட்டுக்கயிற்றை அவிழ்ப்பது நல்லது.